குவிமாடமும் உட்சுவரும்

கிழக்கிலங்கையின் தென்பகுதியில், மருதமுனை தொடங்கிப் பொத்துவில் வரை நீண்டு கிடக்கும் கரையோரத்தில், பண்பாட்டுக்கென ஒரு கட்டடம் வேண்டும் என்ற பேச்சு எழும்போதெல்லாம் அது கூரையைப் பற்றிய பேச்சாகவே அமைந்துவிடுகிறது. குவிமாடம் ஒன்றா மூன்றா, வளைவு கூரியதா வட்டமானதா, முகப்புக்குப் பச்சை பூசுவதா வெண்மை பூசுவதா என்பன மிகுந்த ஆர்வத்தோடு ஆராயப்படுகின்றன. வரைபடம் சட்டமிடப்பட்டுச் சுவரில் மாட்டப்படுகிறது. அவ்வரைபடமும் தெருவில் நின்று பார்ப்பவனின் கண்ணுக்குத் தெரிவதையே காட்டும். உள்ளே நுழைபவன் எவ்வழி நடப்பான், எங்கே நிற்பான், எதன்முன் நிற்பான், ஒளி எத்திசையிலிருந்து வந்து அவன் பார்க்கும் பொருளின்மீது விழும் என்ற வினாக்கள் அடிக்கல் நாட்டு விழா முடிந்த பின்னரும் எழுவதில்லை. கலைக்கூடம் என்பதோ உட்புறத்தால் ஆன கட்டடம். முகப்பு எத்துணை எழில் வாய்ந்ததாயினும் உட்சுவர் பிழையாயின் அது கலைக்கூடமன்று. திருமண மண்டபத்துக்கு ஒன்றுவிட்ட உறவு.

இக்கூற்றை மிகையெனக் கருதுவோர் இக்கரையோரப் பாடசாலைகளில் நிகழும் சித்திரக் கண்காட்சிகளுள் ஒன்றுக்குச் சென்று வரலாம். வகுப்பறை மேசைகள் சுவரோரம் தள்ளப்பட்டு, அவற்றின்மேல் வெள்ளைத் துணி விரிக்கப்பட்டிருக்கும். நீர்வண்ண ஓவியங்கள் குண்டூசியால் துணியிலும், இடம் போதாதவை யன்னற் கம்பிகளிலும் பொருத்தப்பட்டிருக்கும். யன்னலுக்கு வெளியே மணலில் எரியும் வெயில். அதற்கு முன்னே தொங்கும் ஓவியமோ ஒரு கருநிழல். பார்ப்பவன் கண்ணைச் சுருக்கிக்கொண்டு அருகே போகிறான்; மின்விசிறிக் காற்றில் படம் படபடக்கிறது. மூன்றாம் நாள் மாலை எல்லாம் சுருட்டிக் கட்டப்பட்டு அலுமாரியின் மேலே ஏறுகின்றன. அடுத்த மாரியில் பூஞ்சணமும் இராமபாணப் பூச்சியும் எஞ்சிய அலுவலைப் பார்த்துக்கொள்கின்றன. இதில் ஆசிரியர்மீது குற்றம் சுமத்துவது தவறு. அவர்களுக்குப் பாடத்திட்டம் தரப்பட்டது, சுவர் தரப்படவில்லை. கல்லடியில் உள்ள சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்தில் காண்பியக் கலை பயின்று ஊர் திரும்பும் இளைஞரும் யுவதிகளும் இதே நிலையிலேயே இருக்கின்றனர். அந்நிறுவகத்துக்குப் பெயர் தந்த விபுலாநந்த அடிகள் பிறந்தது சாய்ந்தமருதுக்கும் நிந்தவூருக்கும் இடையே உள்ள காரைதீவில் என்பதையும் இங்கு நினைவிற் கொள்ளலாம்.

நூதனசாலை என்ற பெயரோடு கிழக்கின் முஸ்லிம் ஊர்களில் எழுந்தவற்றுள் அதிகம் பேசப்பட்டது, கல்முனைக்கு வடக்கே மட்டக்களப்பு மாவட்டத்தின் காத்தான்குடியில் 2015ஆம் ஆண்டு திறக்கப்பட்ட பூர்வீக நூதனசாலையாகும். இலங்கை முஸ்லிம்களின் வரலாற்றையும் வாழ்வையும் ஒரே கூரையின்கீழ்க் காட்ட முனைந்த முயற்சி என்ற வகையில் அதன் மதிப்பைக் குறைப்பது நேர்மையன்று. ஆயின் அங்கு வைக்கப்பட்ட மனித உருவங்களைக் குறித்து எழுந்த விவாதம் கவனத்துக்குரியது. உருவம் வைப்பது மார்க்கத்துக்கு உகந்ததா அன்றா என்ற ஒரே வினாவைச் சுற்றியே எதிர்ப்பும் சமாதானமும் சுழன்றன. அவ்வினா மார்க்க அறிஞருக்குரியது. அவர்கள் அதை எழுப்பியதில் வியப்பில்லை. வியப்புக்குரியது வேறொன்று. உருவம் ஆகுமானதோ ஆகாததோ, அது ஒரு காட்சிக்கூடத்தின் உள்ளே என்ன வேலையைச் செய்கிறது என்று கலையைப் பற்றிப் பேசுவோரும் கேட்கவில்லை. தறியின் முன்னே ஒரு பொம்மை நெசவாளனை அமர்த்தினால், வருபவன் பொம்மையின் முகத்தைப் பார்க்கிறான். மீசை சரியாக ஒட்டப்பட்டிருக்கிறதா என்று பார்க்கிறான். தறியை அவன் பார்ப்பதில்லை; தறியில் கிடக்கும் துணியை அறவே பார்ப்பதில்லை. பொம்மை தடுக்கப்பட வேண்டியதற்கு அழகியல் நோக்கிலேயே போதிய காரணம் உண்டு. அக்காரணத்தை எடுத்துச் சொல்ல ஒருவருமில்லாமற் போனதுதான் இக்கரையின் வறுமை.

முகப்பின்மீது உள்ள இந்தப் பற்றுக்கும் காரணம் இல்லாமலில்லை. எண்ணிக்கையிற் சிறிய ஒரு சமூகம், தான் இங்கே இருக்கிறது என்பதைத் தெருவுக்கு அறிவிக்க விரும்புகிறது. வளைவும் குவிமாடமும் அரபு எழுத்தும் அவ்வறிவிப்பின் எழுத்துகள். 2019 ஏப்ரில் தாக்குதல்களின் பின்னர் அதே அரபு எழுத்துப் பலகைகளும், காத்தான்குடி வீதியின் பேரீச்சை மரங்களும் நாடளாவிய ஐயத்துக்கும் ஏச்சுக்கும் இலக்காயின. முகப்பு பேசிய மொழியை அயலவர் வேறுவிதமாக வாசித்தனர். தான் யார் என்பதை வெளிச்சுவரில் மட்டும் எழுதி வைத்த சமூகம், அந்தச் சுவர் சந்தேகத்துக்குள்ளானபோது காட்டுவதற்கு வேறொன்றும் இல்லாமல் நின்றது. உள்ளே அழைத்துச் சென்று, இதோ இந்த ஊரின் கை செய்தது, இதோ இந்த ஊரின் கண் கண்டது என்று காட்டுவதற்கு ஓர் அறை இருந்திருந்தால் ஐயம் தீர்ந்திருக்கும் என்று எவரும் உறுதி கூற முடியாது. ஆயின் வாக்குமூலம் முழுவதும் வாசற்படியிலேயே முடிந்துபோயிராது.

வளைகுடாவைப் பார்த்துக் கட்டுகிறோம் என்போர் அந்த வளைகுடாவையாவது சரியாகப் பார்த்திருக்கின்றனரா என்பதும் ஐயமே. டோஹாவில் 2008இல் திறக்கப்பட்ட இஸ்லாமியக் கலை நூதனசாலையைத் திட்டமிட்ட ஐ. எம். பெய், முதுமையிலும் நாடு நாடாகச் சென்று தேடி, கெய்ரோவின் இப்னு தூலூன் பள்ளிவாசல் முற்றத்தில் நிற்கும் வுழூச் செய்யும் மண்டபத்தின் எளிய வடிவிலே தமக்கு வேண்டியதைக் கண்டுகொண்டார். அவரை ஈர்த்தது பூவேலையன்று. கனசதுரமும் எண்கோணமும் வெயிலில் ஒன்றன்மேல் ஒன்று விழுத்தும் நிழல். அபூதாபியின் லூவ்ர் நூதனசாலை 2017இல் திறக்கப்பட்டது. ஜான் நூவெல் அமைத்த அதன் குவிமாடம் 180 மீற்றர் விட்டமுடையது. அது அலங்காரத்துக்காக அங்கு வைக்கப்படவில்லை. ஒன்றன்மேல் ஒன்றாக அமைந்த துளையடுக்குகள் பாலைவன வெயிலை வடித்து, ஓலைக் கீற்றின் இடையே விழும் ஒளிப்புள்ளிகளைப் போல் ஆக்கிக் கீழே விடுகின்றன. அதன் கீழே இருப்பவை வெண்மையான, தட்டைக் கூரையுடைய, அலங்காரமற்ற அறைகள். இங்குள்ள நகலாளர் குவிமாடத்தை எடுத்துக்கொண்டு நிழலை விட்டுவிட்டனர். சீமெந்தால் வார்த்து மினுக்குப் பூச்சுப் பூசிய குவிமாடம் பகல் முழுதும் வெப்பத்தைக் குடித்து மாலையில் உள்ளே உமிழ்கிறது என்பதை அதன் கீழே ஒரு கூட்டத்தில் அமர்ந்திருந்தவர் யாவரும் அறிவர்.

இனி, ஓவியம் வைக்கும் அறை என்பது உலகில் எவ்வாறு உருவாயிற்று என்பதைச் சுருக்கமாக நோக்குவது தகும். இலங்கையின் முதற் பொது நூதனசாலை 1877ஆம் ஆண்டு ஜனவரி முதலாந் திகதி கொழும்பில் திறக்கப்பட்டது. ஆளுநர் வில்லியம் கிறகரி காலத்தில் ஜேம்ஸ் சிமிதர் வரைந்த இத்தாலியப் பாணி மாளிகை அது. அதைக் கட்டி முடித்தவர் அரசி மரிக்கார் வாப்பிச்சி மரிக்கார். பணி முடிந்தபின் என்ன கைம்மாறு வேண்டும் என்று ஆளுநர் வினவ, வெள்ளிக்கிழமைகளில் இக்கட்டடம் மூடப்பட்டிருக்க வேண்டும் என்று மட்டும் அவர் கேட்டதாக ஒரு செய்தி வழங்குகிறது. நாட்டின் முதல் நூதனசாலையின் சுவரை எழுப்பியது முஸ்லிம் கை என்பதை மறந்துவிட்டு, நூதனசாலை முஸ்லிம்களுக்கு அந்நியம் என்று வாதிப்போர் இன்றும் உளர்.

அத்தகைய பத்தொன்பதாம் நூற்றாண்டு மாளிகைகளில் படங்கள் தரையிலிருந்து கூரை வரை நெருக்கியடித்துத் தொங்கின. சுவர் என்பது படங்களுக்கு இடையே எஞ்சிய இடுக்கு மட்டுமே. 1929இல் நிறுவப்பட்ட நியூயோர்க் நவீன கலை நூதனசாலையில் அல்பிரட் பார் அவ்வழக்கத்தைக் கைவிட்டார். வெறுஞ்சுவர், மங்கிய நிறம், கண்மட்டத்தில் ஒற்றை வரிசை, படத்துக்கும் படத்துக்கும் இடையே மூச்சு விடும் வெளி என்பன அங்கிருந்து உலகெங்கும் பரவி, நவீன கலையின் அறை என்றாலே வெண்மையான பெட்டி என்றாயிற்று. பிறையன் ஓ'டொஹேர்ற்றி 1976இல் எழுதிய கட்டுரைகளில் இந்த வெண்பெட்டியைக் கடுமையாக ஆராய்ந்தார். அது நடுநிலையான அறையன்று, வழிபாட்டிடத்தின் புனிதத்தையும் நீதிமன்றத்தின் ஆசாரத்தையும் ஒருங்கே தன்னுள் கொண்டது, காலத்தையும் தெருவையும் வெளியே நிறுத்திவிடுவது என்பது அவர் விமரிசனத்தின் சாரம்.

இவ்விடத்திற் கல்முனைக்குடியையும் சாய்ந்தமருதையும் சேர்ந்த வாசகன் சற்றே நின்று சிந்திக்க வேண்டும். மேலைநாட்டார் இருபதாம் நூற்றாண்டில் பெரும் புரட்சியாகக் கண்டடைந்த அறை, உருவமற்ற, தளபாடமற்ற, வெண்சுவர் சூழ்ந்த, பேச்சடங்கிய ஒரு பெருங்கூடம், இக்கரையின் ஒவ்வோர் ஊரிலும் ஏலவே இருந்து வந்தது. பள்ளிவாசலின் உட்கூடத்தில் நுழைபவன் செருப்பைக் கழற்றுகிறான். ஹவுளில் கை கால் கழுவுகிறான். வெயிலிலிருந்து விறாந்தைக்கும் விறாந்தையிலிருந்து உள்ளுக்கும் படிப்படியாக வருகிறான். உள்ளே அவன் கண்ணை இழுக்கும் பொருள் ஏதுமில்லை. ஆயின் கூடம் முழுவதும் ஒரு திசையை நோக்கியிருக்கிறது. தூண்களின் அடுக்கும் பாயின் கோடும் அவனை எங்கு நிற்கச் செய்ய வேண்டுமோ அங்கு நிற்கச் செய்கின்றன. கட்டடக்கலைப் பேராசிரியர் பலர் மாணவருக்கு விளக்கத் திணறும் விடயம் இது. வெறுமையைக் கொண்டு மனிதனின் நடையையும் பார்வையையும் ஒழுங்குபடுத்தும் கலையை இக்கரையின் கொத்தனார் அறிந்திருந்தனர். அவ்வறிவு முகப்புப் போட்டியில் அழிந்துகொண்டிருக்கிறது. பழைய பள்ளிவாசல்களின் அகன்ற விறாந்தைகள் இடிக்கப்பட்டு, கண்ணாடிக் கதவும் குளிரூட்டியும் பளிங்குத் தரையும் வந்தபோது இழக்கப்பட்டது எது என்று எவரும் கணக்கெடுக்கவில்லை.

கலைக்கூடம் பள்ளிவாசலைப் போல் இருக்க வேண்டும் என்பது இதன் பொருளன்று. அப்படிக் கட்டினால் அதைப்போல் அபத்தம் வேறில்லை. இரண்டாவது மாதிரி ஒன்றும் இக்கரையில் உண்டு, அது வீடு. மட்டக்களப்பு, அம்பாறைக் கரையோர முஸ்லிம்களிடையே வீடு பெண்ணுக்கு உரியது. தாய்வழிக் குடி முறையும், மகளுக்கு வீடு கட்டிக் கொடுத்து மருமகனை அவ்வீட்டுக்கு அழைத்துக்கொள்ளும் வழக்கமும் இங்கு நிலைத்திருப்பதை மானிடவியலாளர் விரிவாக எழுதியுள்ளனர்; அக்கரைப்பற்றை ஆராய்ந்த டெனிஸ் மக்கில்வறேயின் 2008ஆம் ஆண்டு நூல் அவற்றுள் முதன்மையானது. அவ்வீட்டின் பழைய அமைப்பில் ஆண்கள் அமரும் முன்விறாந்தை, அதற்கப்பால் ஒரு மறைப்பு, அதற்கப்பால் நடுவீடு, அதற்கும் உள்ளே பெட்டகமும் பட்டுப் புடைவையும் இருக்கும் இருண்ட அறை. ஒளி படிப்படியாகக் குறைகிறது. பெறுமதியான பொருள் ஆக உள்ளே, ஆகக் குறைந்த ஒளியில் இருக்கிறது.

நூதனசாலை இயல் கற்றோர் இதனைக் கேட்டால் வியப்பர். திறந்த வெளியில் நண்பகல் வெயில் ஏறத்தாழ 1,00,000 லக்ஸ் அளவுடையது. துணி, காகிதம், நீர்வண்ண ஓவியம் ஆகியவற்றுக்கு 50 லக்ஸுக்கும், தைலவண்ண ஓவியத்துக்கு 200 லக்ஸுக்கும் மேற்பட்ட ஒளி கேடு என்பது பாதுகாப்பாளர் நெடுங்காலமாகக் கைக்கொள்ளும் அளவு. வெயிலில் இருந்து வந்தவனை நேரே 50 லக்ஸ் அறைக்குள் விட்டால் அவனுக்கு ஒன்றும் தெரியாது. இருட்டறை என்று முணுமுணுத்து வெளியேறுவான். கண் பழகுவதற்கு இடைநிலைகள் வேண்டும். அவ்விடைநிலைகளை மின்விளக்கால் செயற்கையாக உண்டாக்கப் பெருநகர நூதனசாலைகள் பெரும்பணம் செலவிடுகின்றன. விறாந்தை, மறைப்பு, நடுவீடு, உள்ளறை என்ற ஒழுங்கு அதையே பணச்செலவின்றிச் செய்து வந்தது.

ஒளியைப் பற்றிப் பேசும்போது பாடநூல்களிடமும் எச்சரிக்கை தேவை. ஓவியக்கூடத்தின் யன்னல் வடக்கு நோக்கியிருக்க வேண்டும், அப்பக்கம் நேர்வெயில் விழாது என்பது ஐரோப்பியர் வகுத்த விதி. கல்முனை வட அகலக்கோட்டில் 7 பாகையைச் சற்றுக் கடந்து கிடக்கிறது. ஏப்ரில் முற்பகுதியிலிருந்து செப்ரெம்பர் முற்பகுதி வரை இங்கு நண்பகற் சூரியன் தலைக்கு வடக்கேதான் நிற்கிறது. மறைப்பில்லாத வடக்கு யன்னல் அம்மாதங்களில் ஓவியத்தைச் சுட்டுவிடும். கிழக்கே கடல், காலை வெயில் நீர்ப்பரப்பில் தெறித்து இருமடங்காக வரும். மேற்கே வயல்வெளியைக் கடந்து கச்சான் காற்று அனலாக வீசும். நவம்பர் தொடக்கம் ஜனவரி வரை வாடையோடு வரும் மழை சுவரில் ஊறும். காற்றில் உப்பு எப்போதும் உண்டு, ஆணியும் சட்டமும் துருப்பிடிக்கும். இத்தனையையும் குளிரூட்டி ஒன்றே பார்த்துக்கொள்ளும் என்று சொல்வோர் 2022 மார்ச் இறுதியில் நாள் ஒன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்சாரம் துண்டிக்கப்பட்டதை அதற்குள் மறந்துவிட்டனர் போலும். குளிரூட்டியை மட்டும் நம்பி அடைத்துக் கட்டிய அறையில், அது நின்ற மறுநாளே ஈரம் வியர்த்துப் படத்தின் முதுகில் படியும். தாழ்ந்த இறப்பு, தடித்த சுவர், ஓட்டின் கீழே காற்றுச் செல்லும் இடைவெளி, மேற்கூரைக்கும் உட்கூரைக்கும் நடுவே ஒளி தங்கி வடியும் ஒரு பரண் என்பனவே இங்கு முதற் காவல். இயந்திரம் அதற்குத் துணையாக வரலாம்.

கடலைப் பற்றியும் ஒரு சொல். 2004 டிசம்பர் 26இல் இந்நாட்டின் வேறெம்மாவட்டத்தையும் விட அம்பாறை மாவட்டத்திலேயே அதிக உயிர்கள் போயின. தொகை 10,000ஐத் தாண்டியது. மருதமுனையும் கல்முனைக்குடியும் சாய்ந்தமருதும் கரைப்பக்கத் தெருக்களை இழந்தன. மனிதருக்கு முன்னே பொருளைக் கணக்கிடுவது முறையன்று. ஆயினும் அவ்வீடுகளோடு திருமண ஒளிப்படங்களும், கைப்பட எழுதிய கிதாபுகளும், பாட்டி இழைத்த பாய்களும், காணி உறுதிகளும் போயின. அவற்றின் பட்டியல் எங்கும் இல்லை. இக்கரையில் கலைக்கூடம் கட்டுவோர் களஞ்சிய அறையைத் தரைமட்டத்தில் வைப்பாராயின் அவர்கள் எதையும் கற்கவில்லை என்பது தெளிவு.

இனி மறுப்புரைகளை நோக்கலாம். முஸ்லிம்களுக்குப் படம் ஆகாது, ஆதலால் படக்கூடமும் ஆகாது என்பது முதல் வாதம். இவ்வாதத்தைச் சொல்வோரின் கையிலுள்ள தொலைபேசியில் எத்தனை படங்கள் என்று கேட்பது மலிவான விடை, அதை விட்டுவிடலாம். பொருத்தமான விடை தெஹ்ரானில் உள்ளது. அங்குள்ள சமகாலக் கலை நூதனசாலை 1977இல் கம்ரான் தீபாவின் திட்டப்படி திறக்கப்பட்டது. பாலைவன ஊர்களின் காற்றுக் கோபுரங்களை அவர் ஒளிபிடிக்கும் கோபுரங்களாக மாற்றிக் கூரையில் நிறுத்தினார். உள்ளே ஒரு சாய்தளம் சுழன்று கீழிறங்க, அதைச் சுற்றி அறைகள் தொடர்கின்றன. உள்ளூர்க் கட்டட மரபை முகப்பு அலங்காரமாக்காமல் உட்புற ஒளிக்குக் கருவியாக்கியமை அங்குள்ள சிறப்பு. 1979இன் புரட்சிக்குப் பின்னர் மேலைநாட்டு ஓவியங்கள் நிலவறைக்குப் போயின, ஆயின் எரிக்கப்படவில்லை, பின்னாளில் அவற்றுட் பல மீண்டும் சுவரேறின. மார்க்கத்தின் பெயரால் ஆளும் ஓர் அரசுக்கு இருந்த பொறுமை, கல்முனையின் தேநீர்க்கடை வாதத்துக்கு இல்லை.

அன்றியும், நவீன கலை என்றால் மனித உருவம் என்று எவர் சொன்னார்? கோடு, நிறம், இழை, மீள்வரும் கட்டம் ஆகியன இருபதாம் நூற்றாண்டு ஓவியத்தின் நடுப்பொருளாயின. 1949இல் நியூயோர்க் நவீன கலை நூதனசாலை அன்னி அல்பேர்ஸ் என்ற நெசவாளிக்குத் தனிக் கண்காட்சி நடத்தியது. துணி, ஓவியத்துக்கு நிகரான கவனத்தோடு சுவரேறியது. மருதமுனையின் கைத்தறிச் சாரத்தை முழங்காலுக்குக் கீழே மட்டும் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, அதன் பாவிலும் ஊடிலும் உள்ள நிறக்கணக்கு தெரிவதில்லை. அதை விரித்து, வெண்சுவரில், அளவான ஒளியில், முன்னே எட்டடி வெறுந்தரை விட்டு மாட்டினால் தெரியும். பன்புல்லிற் பாய் இழைக்கும் பெண்களின் வேலையும் அத்தகையதே. ஆயின் பாய் சுவருக்குரியதன்று, மேலிருந்து பார்க்கப்படுவது. ஆகவே அதற்குத் தாழ்ந்த மேடை வேண்டும். பார்ப்பவன் அமர்ந்து பார்க்க இடம் வேண்டும். நூதனசாலைகள் படத்தின் நடுமட்டத்தைத் தரையிலிருந்து ஏறத்தாழ 145 சென்ரிமீற்றரில் வைக்கின்றன. அது நின்று பார்க்கும் வளர்ந்தவனின் அளவு. தரையில் அமர்ந்து உண்டு, அமர்ந்து ஓதி, அமர்ந்து இழைக்கும் ஓர் ஊரின் கூடம் அந்த அளவை அப்படியே கடன் வாங்க வேண்டியதில்லை.

இரண்டாவது மறுப்பு கனமானது. அதைச் சொன்னவர் ஆனந்த குமாரசுவாமி. கொழும்பு நூதனசாலை திறக்கப்பட்ட அதே 1877இல் கொழும்பிற் பிறந்து, 1917 முதல் பொஸ்ரன் நூதனசாலையில் பணியாற்றியவர், கலைப்பொருளை ஏன் காட்சிக்கு வைக்கவேண்டும் என்று நூதனசாலைக்கு உள்ளிருந்தே வினவினார். இன்று கண்ணாடிப் பேழையில் இருப்பவை அன்று பயன்பாட்டுக்குச் செய்யப்பட்டவை. வாழும் சமூகம் தன் கலையைக் கையிலும் உடலிலும் வைத்திருக்கும், பேழையில் அன்று. அழிவை எதிர்நோக்கும் பழம்பொருளைக் காப்பதே நூதனசாலையின் வேலை, வாழும் கலைஞரின் படைப்புக்கு அது தேவையில்லை என்பது அவர் நிலைப்பாடு. பாய் கிடக்க வேண்டிய இடம் வீடு என்பதை எவர் மறுப்பார்? ஆயின் பிளாத்திக்குப் பாயும் இயந்திரத் துணியும் வீட்டை நிரப்பிவிட்ட காலம் இது. தறி நிற்கிறது; பிள்ளை வளைகுடாவுக்குப் போகிறான். குமாரசுவாமி வகுத்த அளவுகோலின்படியே, அழியும் தறுவாயில் இருப்பது இக்கரையில் வாழும் கலைதான். அவருடைய வாதம் பொஸ்ரனில் நூதனசாலைக்கு எதிராக நின்றது. மருதமுனையில் அதுவே நூதனசாலைக்குச் சார்பாக நிற்கிறது.

கொழும்பில்தான் எல்லாம் இருக்கிறதே என்பது மூன்றாவது மறுப்பு. இருக்கிறது, உண்மை. ஆனால் கொழும்பின் நல்ல எடுத்துக்காட்டுகள் இக்கட்டுரையின் வாதத்தையே வலுப்படுத்துகின்றன. '43 குழுவைச் சேர்ந்த ஹரி பீரிஸ் தாம் வாழ்ந்த ஓட்டு வீட்டையே 1974இல் சப்புமல் மன்றமாக்கினார். ஜோர்ஜ் கீற், ஐவன் பீரிஸ் முதலியோரின் ஓவியங்கள் அவ்வீட்டு அறைகளில் வீட்டுப் பொருள்களைப் போல் இருக்கின்றன. 2019 டிசம்பரில் தொடங்கிய இலங்கை நவீன, சமகாலக் கலை நூதனசாலைக்குச் சொந்தக் கட்டடமே கிடையாது. ஒரு கோபுரக் கட்டடத்தின் மாடியில் ஆரம்பித்து, பின்னர் கொள்ளுப்பிட்டியின் கடைத்தொகுதி ஒன்றினுள் அறைகள் கொண்டது. குவிமாடமில்லை, வளைவில்லை, முகப்பே இல்லை. சுவரும் ஒளியும், மூன்று மொழியிலும் எழுதப்பட்ட விளக்கக் குறிப்புகளும் அதை நூதனசாலையாக்கின. கல்முனையிலிருந்து அங்கு செல்ல ஓர் இரவுப் பேருந்துப் பயணம் வேண்டும் என்பதை மட்டும் மறுப்பாளர் எண்ணிப் பார்க்க வேண்டும். பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி அப்பயணத்தை எத்தனை முறை மேற்கொள்வாள்?

மாணவி என்ற சொல் இங்கு தற்செயலாக வரவில்லை. இவ்வூர்களின் பொதுவெளி பெரும்பாலும் ஆணுக்குரியது. சந்தி, தேநீர்க்கடை, விளையாட்டுத் திடல், கடற்கரை மாலை என எங்கும் அவனே நிற்கிறான். வீட்டின் உட்புறமோ பெண்ணுக்குரியது. பாயும் பின்னலும் பன்னற்பெட்டியும் அங்கிருந்தே வருகின்றன. அவளுடைய வேலையைச் சுவரேற்றிவிட்டு அவளைப் படலைக்கு வெளியே நிறுத்தும் கூடம் திருட்டுப் பொருள் வைக்கும் கிட்டங்கிக்குச் சமம். பெண் தனியே வந்து, ஒரு மணிநேரம் அமர்ந்திருந்து, எவருடைய பார்வைக்கும் பதில் சொல்லாமற் போகக்கூடிய அறையாக அது இருத்தல் வேண்டும். இது நற்பண்பு பற்றிய விடயமன்று. வரைபடம் பற்றிய விடயம். வாசல் எங்கே, இருக்கை எத்திசை நோக்கி, கழிப்பறை எவ்வளவு தூரம், காவலாளியின் கதிரை எங்கே என்பவற்றால் தீர்மானிக்கப்படுவது. முகப்பை வரைபவர் இவற்றை வரைவதில்லை.

போப்பால் நகரில் சாள்ஸ் கொறியா திட்டமிட்ட பாரத் பவன் 1982இல் திறக்கப்பட்டது. ஏரிக்கரைச் சரிவில் அக்கட்டடம் நிலத்துக்குள் தாழ்ந்து கிடக்கிறது. தெருவிலிருந்து பார்ப்பவனுக்கு முகப்பென்று ஒன்றும் புலப்படாது. முற்றங்கள் படிப்படியாக இறங்க, அவற்றைச் சூழ்ந்த அறைகளுக்கு மேலிருந்து ஒளி வருகிறது. அங்கு ஓவியர் ஜே. சுவாமிநாதன் பழங்குடியினரின் ஓவியத்தையும் நகரத்து நவீன ஓவியத்தையும் ஒரே கூரையின்கீழ்ச் சமமாக வைத்தார். ஜங்கர் சிங் சியாம் என்ற கோண்ட் இளைஞன் மண்சுவரிலிருந்து அந்தச் சுவருக்கு வந்து உலகறிந்த ஓவியனானான். பாயும் சாரமும் இளைய ஓவியரின் திரைச்சீலையும் அருகருகே வைக்கப்படக்கூடிய கூடம் எவ்வாறிருக்கும் என்று அறிய விரும்புவோர் டோஹாவுக்குப் பயணச்சீட்டு எடுக்க வேண்டியதில்லை.

ஒலுவிலில் 1995இல் கல்லூரியாகத் தொடங்கி 1996இல் தகுதி உயர்ந்த பல்கலைக்கழகமும், கரையோர மாநகர, பிரதேச சபைகளும் பெருங்கட்டடத்துக்கான நிதி வரும்வரை காத்திருப்பதற்கு நியாயமில்லை. தறி எடுக்கப்பட்ட நெசவுக் கொட்டில் ஒன்று போதும். இழை அறுந்தால் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக அதன் யன்னல்கள் ஏலவே ஒளியறிந்து வைக்கப்பட்டவை, கூரை உயர்ந்தது, தரை வெறுமையானது. ஓட்டைப் பிரித்து மாற்றி, உட்சுவருக்குச் சுண்ணாம்பு பூசி, இறப்பைத் தாழ்த்தி, வெள்ளம் எட்டாத உயரத்தில் ஒரு களஞ்சியப் பரண் அடித்து, முன்னே நீண்ட விறாந்தை ஒன்றை இறக்கினால் முதற் கண்காட்சிக்குக் கதவைத் திறக்கலாம். குவிமாடத்தின் வரைபடத்தை அந்த விறாந்தைச் சுவரிலேயே மாட்டி வைக்கலாம். வெயில் படாத பக்கமாக.